சிக்கரி இல்லாத கறுப்பு

பீர் கிளாஸை வைத்துவிட்டுப் போன பெண் தன்னைத் திரும்பிப் பார்க்கிறாளா என்று பார்த்தான் சிற்றரசு. பார்க்கவில்லை, பக்கத்து மேஜையில் குனிந்து ஆர்டர் எடுத்துக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியக் கூட்டம் கலைந்து சாயங்காலக் கூட்டம் வந்து சேராத இந்த இடைநேரத்தை அவன் ஓசூரில் பெங்களூர் பஸ் ஏறும்போதே யோசித்து வைத்திருந்தான், கூட்டம் இருந்தால் நாக்கு கலைந்துவிடும், தெரிந்த முகம் எதுவும் இருக்கவும் கூடாது, முக்கியமாக பழைய கூட்டாளி தியோடர் இருக்கக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைகளில் தியோடர் சர்ச்சுக்குப் போய்விட்டு வீட்டில் பிரியாணி சாப்பிட்டுத் தூங்குவான், அப்போதெல்லாம் தூங்குவான், இப்போது எப்படியோ. தொடாமல் பார்த்தான். கறுப்பு. ஜன்னல் வெளிச்சம் படுகிற அடிப்பக்க ஓரத்தில் மட்டும் மாதுளைச் சிவப்பாக ஒரு கீற்று. மேலே டிக்காஷன் நுரையின் நிறத்தில் ஒரு விரல் பருமனுக்கு நுரை, கலையாமல் நிற்கிறது. நல்ல நுரை. சே, நல்ல நுரை என்று ஏன் முதலில் தோன்றித் தொலைக்க வேண்டும், ஊசி மாதிரிச் சின்னக் குமிழ்கள், அவன் இங்கே பீர் காய்ச்சின காலத்தில் இப்படி நின்றதே இல்லை, காபியின் எண்ணெய் நுரையை உடைத்துவிடும், ஊற்றி மேஜைக்கு வருவதற்குள் சோப்புத் தண்ணீர் மாதிரி ஆகிவிடும். நுரை ஒரு பெரிய விஷயம் இல்லை, நுரையை எப்படி வேண்டுமானாலும் பண்ணலாம், கொஞ்சம் ஓட்ஸ் சேர்த்தால் நுரை நிற்கும். வக்கீல் பத்மாவதி நுரையைப் பற்றிக் கேட்கவில்லை. "நீங்க போய்க் குடிச்சுப் பாருங்க சார். பேப்பர்ல எதுவும் இல்ல, எல்லாம் உங்க வாய்வார்த்தைதான். அந்த ரெசிப்பி உங்களோடதுதான்னு முதல்ல உங்களுக்கு நிச்சயமாத் தெரியணும். தெரிஞ்சா சொல்லுங்க, நாளைக்கே நோட்டீஸ் அனுப்பிடலாம்" என்றாள். தெரியும் என்று அங்கேயே சொல்லியிருக்கலாம். குடிக்காமலேயே தெரியும் மேடம், என் குழந்தையை எனக்குத் தெரியாதா. அப்படிச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது, கூட இருந்த செண்பகம் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் சொல்லவில்லை. திரும்பி வரும் வழியில் செண்பகம் கேட்டாள், "சரிங்க, அது உங்களோடதாவே இருக்கட்டும். அதுக்கு அப்புறம்?" அதற்கு அப்புறம் என்றால் என்ன கேள்வி அது, கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒருநாள்கூட அவள் அவன் பக்கம் நிற்பவளாகப் பேசியதில்லை, அதற்கு அப்புறம் நியாயம், வேறென்ன.

கரும்பலகையில் சாக்பீஸால் ஒரு காட்டெருமைத் தலை வரைந்து, கீழே 'இந்த வருஷக் குளிருக்கு: காட்டெருமை காபி ஸ்டவுட்' என்று எழுதியிருந்தார்கள். தன் ஸ்டவுட்டுக்கு, காபி போட்ட அந்தக் கறுப்பு பீருக்கு, அவன் வைத்த பெயர் மார்கழி. எத்தனை தடவை சொன்னான், மார்கழி என்று வைப்போம், பெங்களூர்க்காரன் நாக்கில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, நம் பெயராக இருக்கட்டும் என்று. காட்டெருமையாம். அதுவும் திருட்டுத்தான், யோசித்துப் பார்த்தால், அந்தக் காட்டெருமையை இரண்டு பேரும் சேர்ந்துதானே பார்த்தார்கள். தாண்டிக்குடி மலைக்குக் காபிக்கொட்டை பார்க்கப் போன அன்று, வளைவு திரும்பியதும் ரோட்டுக்குக் குறுக்கே நின்றது, வெள்ளை சாக்ஸ் போட்ட மாதிரிக் கால்கள், உடம்பு முழுக்க மழையில் நனைந்து பளபளவென்று, தியோடர் எஞ்சினை அணைத்துவிட்டான், மூச்சுக்கூட விடவில்லை இருவரும், அது எங்கேயும் போவதாக இல்லை, கடைசியில் தியோடர் காதோடு சொன்னான், "மச்சான், இதுக்குப் பாரு, எந்த அவசரமும் இல்ல. நம்ம பீர் இப்படி இருக்கணும்டா." அன்றைக்குச் சிரித்த சிரிப்பு. அந்தக் கார் கண்ணாடி முழுக்க இரண்டு பேருடைய மூச்சுக்காற்று. அதை நினைக்கக் கூடாது, அதை நினைத்தால் நாக்கு இளகிவிடும், அவன் வந்தது வேறு வேலைக்கு. தியோடர்தான் பிறகு டாங்க்குகளுக்கு நடுவில் நிற்கவைத்து, பாத்திரம் கழுவுகிறவர்கள் காதில் விழும்படி, "நாம பிரிஞ்சுடலாம்டா, ரெண்டு பேருக்கும் அதான் நல்லது" என்றான். காரணம் சொல்லவில்லை. காரணம் தேவையா, ஸ்டவுட் முக்கால்வாசி சரியாகி வந்த சமயம் அது, இன்னும் இரண்டு மூன்று முறை காய்ச்சினால் ஊரே பேசும், அந்த நேரம் பார்த்து வெளியே அனுப்புகிறவன் எதற்கு அனுப்புவான். பங்குத்தொகையை ஒழுங்காகத் தீர்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டான், அதில் குறை சொல்ல ஒன்றும் வைக்கவில்லை, அந்த ஒழுங்குதான் சந்தேகத்தை இன்னும் பெரிதாக்கியது. சிற்றரசு அன்று முதலே எல்லோரிடமும் சொல்லிவிட்டான், பாருங்கள், என் ஸ்டவுட்டை எடுத்துத் தன் பெயரில் விடுவான் என்று. மச்சினனிடம் சொன்னான். பழைய பேராசிரியரிடம் சொன்னான். இப்போது வேலை பார்க்கிற பிஸ்கட் கம்பெனியில், காலையிலிருந்து மாலை வரை பிஸ்கட்டை உடைத்து மோந்து எண்ணெய் சிக்கு வாடை வருகிறதா என்று பார்க்கிற அந்த அறையில், பக்கத்து நாற்காலிக்காரன் கேட்காமலேயே அவனிடம் சொன்னான். ஒரு வருஷம் போயிற்று, தியோடர் எதையும் விடவில்லை. இன்னொரு குளிரும் போயிற்று. பக்கத்து நாற்காலிக்காரன் ஒருநாள், "என்ன சார், உங்க ஃப்ரெண்டு இன்னும் திருடலையா?" என்று கேட்டுச் சிரித்தான். போன வாரம் போனில் அந்தப் படம் வந்தது, கறுப்புக் கிளாஸ், காட்டெருமைத் தலை. அப்போது முதலில் வந்தது கோபம் இல்லை. சந்தோஷம். அப்பாடா என்று ஒரு சந்தோஷம், தீபாவளி போனஸ் வந்த மாதிரி உடம்பெல்லாம் பரவியது, அதை செண்பகம் பார்த்துவிட்டாள், "என்ன, சிரிக்கிறீங்க?" என்றாள்.

உள்ளங்கையால் கிளாஸை மூடி ஒரு சுற்றுச் சுற்றி மூக்கைக் கொண்டுபோனான். காபி. முதலில் காபி, அது சரி. கடையில் அப்போதுதான் வறுத்த கொட்டையை டப்பா திறந்ததும் வருகிற வாசனை, இனிப்பாக, கொஞ்சம் கோகோ. அடுத்தது வரும், வந்தே தீரும், குடைமிளகாய். காபியை பீரில் போட்டால் நாலு நாளில் பச்சைக் குடைமிளகாயை நறுக்கின வாடை எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்ளும், அவன் பண்ணிய ஒவ்வொரு தடவையும் வந்தது, வறுப்பை மாற்றினான், தண்ணீரை மாற்றினான், டிக்காஷனை கெட்டியாக, தண்ணியாக, சூடாக, ஆறவைத்து, எதற்கும் அடங்கவில்லை அந்தச் சனியன், கடைசி வரைக்கும் அதை மறைக்கத்தான் சிக்கரி சேர்த்தான், கருப்பட்டி சேர்த்தான், சுக்கு ஒரு துளி தட்டிப்போட்டான். அதுதான் அவனுடைய முத்திரை என்று ஆகிப்போனது. ஆக, குடைமிளகாய் இருந்தால் அவனுடையது. எவ்வளவு கேவலமான அடையாளம், ஆனால் அடையாளம், மச்சத்தைப் பார்த்துப் பிள்ளையைக் கண்டுபிடிக்கிற மாதிரி. மறுபடி மோந்தான். காபி. கோகோ. ரொட்டி ஓரம் கருகின வாசனை, அது மால்ட், முளைகட்டி வறுத்த பார்லி. குடைமிளகாய் இல்லை. குளிர்ச்சியில் தெரியாது, குளிர்ந்த எதிலும் எதுவும் தெரியாது. ஒரு வாய் குடித்தான். கசப்பு வந்தது, அதட்டாத கசப்பு, நாக்கின் ஓரங்களில் ஏறிப் பின்பக்கம் போய் நின்றுகொண்டது, அதன் பின்னால் மெல்ல ஒரு இனிப்பு, தொண்டையில் பட்டுப்போல இறங்கியது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். சிக்கரி எங்கே. சிக்கரி விழுங்கின பிறகுதான் வரும், மரத்தூள் மாதிரி ஒரு கடைசிச் சுவை, நாக்கில் படிந்து ரொம்ப நேரம் போகாது. காத்திருந்தான். கசப்பு மெதுவாக, ஒழுங்காக, எதையும் விட்டுவைக்காமல் போய்விட்டது. வாய் சுத்தமாக இருந்தது.

தண்ணீர் குடித்தான். நாக்குப் போய்விட்டதோ என்று முதல் முறையாக பயம் வந்தது. பிஸ்கட் கம்பெனியில் நாள் முழுக்க வனஸ்பதியும் வெனிலாவும், அந்த வாடை சட்டையில் ஏறி, தலைமுடியில் ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள்கூட ஒருமாதிரிப் பார்ப்பார்கள், நாக்கு எத்தனை நாள் தாங்கும், நாற்பதைத் தாண்டினால் நாக்கும் கண் மாதிரி மங்குமாமே, வாசித்திருக்கிறான். தட்டிலிருந்த வேர்க்கடலை ஒன்றை எடுத்து மென்றான். உப்பு. வறுபட்ட தோல். உள்ளே ஒரு பருப்பு பூஞ்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, மிக மிக லேசாக, வேறு யாருக்கும் தெரியாது. நாக்கு இருக்கிறது. நன்றாகவே இருக்கிறது. அதில் ஒரு நிம்மதி, அதன் பின்னாலேயே அந்த நிம்மதியை விடப் பெரிய எதுவோ ஒன்று நெஞ்சில் சரிந்தது. இரண்டு கைகளாலும் கிளாஸைப் பொத்திப் பிடித்துக்கொண்டான், சூடேறட்டும். ஸ்டவுட் சூடேறினால் ஒளித்து வைத்ததெல்லாம் வெளியே வரும், தியோடருக்கு அவனே சொல்லிக்கொடுத்தது, இல்லை, இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் படித்தது. வெளியே டிசம்பர் வெயில் சாய்ந்து ரோட்டோர மரங்களின் நிழல் ஜன்னலில் ஏறியது, உள்ளே யாரோ விளக்குகளைப் போட்டார்கள், கைகள் சில்லிட்டன, உடம்புச் சூடு முழுக்கக் கண்ணாடிக்குப் போய்க்கொண்டிருந்தது, இப்படி எதையாவது பொத்திப் பிடித்து எவ்வளவு நாளாயிற்று. மகள் பிறந்தபோது அவளை இப்படிப் பிடித்திருப்பான். இப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது, அன்றைக்கு அவன் போனில் மச்சினனிடம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள், மெதுவாக, சத்தம் வராமல், சத்தம் வராமல் சாத்தினதுதான் இன்னும் உறுத்துகிறது, எத்தனையோ முறை கேட்டிருப்பாள் போலிருக்கிறது, தியோடர் மாமா திருடன் தியோடர் மாமா திருடன். மறுபடி ஒரு வாய், இந்த முறை பெரிதாக, வாய்க்குள் அலசி, கன்னத்தில் தேக்கி. இதோ. இதோ ஏதோ. கருப்பட்டி! அந்த மண் வாசனை கலந்த இனிப்பு, பனை, ராமநாதபுரத்திலிருந்து வரவழைத்து இடித்துப்போட்ட அதே கருப்பட்டி, எங்கடா போவே, மாட்டிக்கிட்டியா. இன்னொரு வாய். அது நகர்ந்தது. இன்னொரு வாய். மால்ட். நிதானமாகக் கருக்கின மால்ட்டின் இனிப்பு, காபியோடு சேர்ந்து கருப்பட்டி மாதிரி ஒரு நொடி வேஷம் போட்டது, அவ்வளவுதான், கருப்பட்டியும் இல்லை, சுக்கும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கிளாஸில் பாதிக்குக் கீழே போய்விட்டது.

இதில் அவனுடையது எதுவும் இல்லை. அதைவிட மோசம், இது நன்றாக இருந்தது. நன்றாக என்ற வார்த்தையைத் தள்ளிவிட்டு வேறொன்றைத் தேடினான், சுமார், பரவாயில்லை, ஆலையில்லாத ஊரில் இலுப்பைப்பூ, எதுவும் ஒட்டவில்லை. அவன் மூன்று வருஷம் எதைப் பிடிக்கக் கை நீட்டினானோ அதை இந்தக் கிளாஸ் வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அவசரமே இல்லாமல். சொல்லிவிடலாம். பத்மாவதியிடம் என்னோடதுதான் மேடம் என்று சொல்லிவிடலாம், யார் வந்து அவன் நாக்கைப் பிளந்து பார்க்கப்போகிறார்கள், பத்மாவதி பீரே குடிக்க மாட்டாள், நாளைக்கு நோட்டீஸ் போகும், தியோடர் கோர்ட்டுக்கு நடப்பான், நடக்கட்டும். பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்லலாம், திருடிட்டான் பார்த்தீங்களா என்று. சொல்லத்தான் போகிறோம் என்று தோன்றியது, எளிதாகத் தோன்றியது, ஆனால் இந்தக் கிளாஸைக் குடித்தவன் ஒருத்தன் இருக்கிறானே, அவனை எங்கே அனுப்புவது, ராத்திரி அவனும்தானே கூடவே படுப்பான். திருடவில்லை என்றால் பின்னே எதற்கு அனுப்பினான். இதுதான் பயம். இத்தனை நேரம் நாக்கு, மூக்கு, வேர்க்கடலை என்று எதையெதையோ சுற்றி வந்தது இந்த இடத்தில் வந்து நிற்காமல் இருக்கத்தான். திருடுவதற்காக அனுப்பினான் என்றால் தன்னிடம் திருட ஏதோ இருந்தது என்று அர்த்தம்.

"சிற்று."

ரப்பர் பூட்ஸோடு நின்றுகொண்டிருந்தான் தியோடர், ஏப்ரனில் ஈரம், தலை நன்றாக நரைத்திருந்தது. ஞாயிற்றுக்கிழமை தூங்குவதில்லை போலிருக்கிறது.

"வந்து ரொம்ப நேரமாச்சா?"

"இப்பதான்."

தியோடர் உட்காரலாமா என்பதுபோல நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான், பிறகு உட்கார்ந்தான். அவன் கண் முதலில் போனது சிற்றரசின் முகத்துக்கு அல்ல, கிளாஸில் மிச்சமிருக்கும் நுரைக்கு. அதைச் சிற்றரசு கவனித்தான். அவனாக இருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பான்.

"எப்படிடா இருக்கு?"

"குடைமிளகாய் இல்ல."

தியோடர் சிரித்துவிட்டான், தன்னை மீறி, பழைய சிரிப்பு. "இல்லல்ல? போயிடுச்சு பாத்தியா? டிக்காஷனே போடல மச்சான். பீர் காய்ச்சி, நொதிச்சு, ஆறி எல்லாம் முடிஞ்ச அப்புறம் கொட்டைய அரைக்காம முழுசா போட்டேன். குளிர்ல ஒரே ஒரு நாள். எடுத்துட்டேன்."

"சிக்கரி?"

"இல்ல."

"கருப்பட்டி போட்டிருக்கே."

"இல்லடா." தியோடரின் சிரிப்பு அடங்கியது. சிற்றரசு வந்த காரணம் இப்போதுதான் அவனுக்குப் புரிந்திருக்க வேண்டும். மேஜையில் இருந்த ஈர வளையத்தை விரலால் துடைத்தான். "உன்னோடது ஒண்ணுகூட இதுல இல்ல சிற்று. நீ ஊரெல்லாம் சொல்லிட்டிருந்தேன்னு கேள்விப்பட்டேன். அதான் ரெண்டு வருஷம் ஸ்டவுட் பக்கமே போகல. அப்புறம் போனப்ப, ஒவ்வொண்ணா வெளிய எடுத்தேன். சிக்கரி எடுத்தேன், கருப்பட்டி எடுத்தேன், சுக்கு எடுத்தேன். நாளைக்கு ஒருத்தன் கைநீட்டி இது என்னோடதுன்னு சொல்லக் கூடாதுன்னுதான் எடுத்தேன், வேற எதுக்கும் இல்ல." அப்புறம், ஒரு காய்ச்சுகிறவன் இன்னொரு காய்ச்சுகிறவனிடம் தொழில் பேசுகிற மும்முரத்தில், யாரிடம் பேசுகிறோம் என்பதை மறந்து சொன்னான்: "எடுக்க எடுக்க நல்லா வந்துச்சுடா."

சிற்றரசு கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். காதுக்குள் எதுவோ அடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது, மலையிறங்கும்போது அடைக்குமே அப்படி. தான் அவதூறு பேசிப் பேசித்தான் இந்த பீர் இப்படி ஆயிற்று, வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் தியோடரும் சிக்கரியும் கருப்பட்டியுமாகக் கிண்டி ஏதோ ஒன்றை விட்டிருப்பான், அதில் தனக்கு ஒரு பங்கு இருந்திருக்கும், குறைந்தபட்சம் ஒரு திருட்டாவது இருந்திருக்கும்.

"அப்ப என்னை எதுக்குடா அனுப்பினே?"

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லடா."

"பின்னே?"

தியோடர் கவுண்டர் பக்கம் பார்த்தான், யாராவது கூப்பிட மாட்டார்களா என்பதுபோல. யாரும் கூப்பிடவில்லை. "முடியலடா. காலைல ஷட்டரைத் தூக்காம கொஞ்ச நேரம் வெளியவே நிப்பேன். இன்னிக்கு என்ன மூஞ்சியோட வருவியோ, யாரைத் திட்டுவியோ, எதுக்குப் பேசாம போயிடுவியோன்னு. நான் என் பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல, அசிங்கமா இருந்துச்சு. நீ வராத முதல் நாள் வந்து பாத்திரத்தைக் கழுவிட்டு உக்காந்தேன், அவ்ளோ அமைதி. அவ்ளோதான் சிற்று. வேற பெரிய காரணம்லாம் ஒண்ணும் இல்ல."

கோபம் வரும் என்று சிற்றரசு காத்திருந்தான், சிக்கரிக்குக் காத்திருந்த மாதிரி. வரவில்லை. வாய் சுத்தமாக இருந்தது. உள்ளேயிருந்து யாரோ "சார், மூணாவது டாங்க்" என்று குரல் கொடுத்தார்கள், தியோடர் எழுந்தான், அவன் தோளில் கைவைக்கலாமா என்று யோசித்துக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டான். "பில்லு கட்டிடாதே, நான் சொல்லிடறேன்" என்றான். "செண்பகத்தைக் கேட்டேன்னு சொல்லு." பூட்ஸ் சப்சப்பென்று போனது.

மிச்சத்தை விட்டுவிட்டுப் போகலாம், அது ஒரு மரியாதையான காரியமாக இருக்கும், ஆனால் சிற்றரசு அதைக் குடித்தான், முழுவதும், அடியில் தங்கின ஒரு வாய் வரைக்கும். வெதுவெதுப்பில் அது இன்னும் நன்றாக ஆகியிருந்தது, யாரிடமும் எதையும் கேட்காத கசப்பு. போனை எடுத்துப் பத்மாவதிக்கு 'நோட்டீஸ் வேண்டாம் மேடம்' என்று அடித்தான், 'என்னுடையது இல்லை' என்பதைச் சேர்த்து, அழித்து, மறுபடி சேர்த்து அனுப்பினான். செண்பகத்துக்கு என்ன அனுப்புவது என்று தெரியவில்லை. இனி மச்சினனிடம் போனில் எதைப் பேசுவது, பக்கத்து நாற்காலிக்காரன் திங்கட்கிழமை வந்ததும் வராததுமாகக் கேட்பான், மறுநாள், அதற்கு மறுநாள், பிஸ்கட்டை உடைத்து மோந்து அடுத்ததை எடுத்து, உள்ளே ஓடிக்கொண்டே இருந்த அந்தப் பேச்சு நின்றுபோனால் அந்த அறையில் எவ்வளவு சத்தம் கேட்கும், மிஷின் சத்தம், ஃபேன் சத்தம், தன்னுடைய மூச்சு. பரிமாறின பெண் வந்து, "சார், ஓனர் பில் வேணாம்னு சொல்லிட்டாங்க" என்றாள். "இல்லம்மா, நான் கஸ்டமர்தான்" என்று சொல்லிக் காசை வைத்துவிட்டு எழுந்தான்.

வெளியே குளிர் நன்றாக இறங்கியிருந்தது. வாசலில் இடத்துக்காக ஒரு சின்ன வரிசை சேர்ந்திருந்தது, அதில் ஒரே மஃப்ளரை இரண்டு பேருமாகச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு இளம் தம்பதி, தமிழில் பேசிக்கொண்டிருந்தார்கள், அவன் போனைப் பார்த்தபடி தமிழில் எதையோ முணுமுணுத்ததைக் கேட்டிருக்க வேண்டும், அந்தப் பெண் கேட்டாள், "அண்ணா, உள்ள அந்தப் புது காபி ஸ்டவுட் குடிச்சீங்களா? வெயிட் பண்ணலாமா, இல்ல சும்மா போட்டோவுக்குத்தானா?"

சிற்றரசு நின்றான்.

"வெயிட் பண்ணுங்க" என்றான். "வந்ததும் குடிக்காதீங்க. கொஞ்ச நேரம் கைல வச்சிருந்துட்டுக் குடிங்க."

"அவ்ளோ நல்லாருக்கா? யாருண்ணா பண்றது?"

"தியோடர்னு ஒருத்தர்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"இல்ல" என்று சொல்லிவிட்டு, பஸ் எந்தப் பக்கம் என்று பார்த்தபடி ரோட்டைக் கடந்தான்.